தொட்டிலைப் பார்க்கப் போனவர்

டைம்கீப்பர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் வண்டி கிளம்பும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் எழுதியவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவில் யாரும் அவரை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. மூன்று நிமிடம் பிந்தி வந்த வண்டியை, ஓட்டுநர் எவ்வளவு கெஞ்சினாலும், சரியான நேரத்துக்கு வந்ததாக அவர் எழுதியது கிடையாது. அவர் கை எழுதியதை மேலதிகாரியும் திருத்தியது கிடையாது.

அப்படிப்பட்டவர், பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் சம்பந்தியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"அந்த ஞானஸ்நானக் கிண்ணத்துப் பக்கம் நான் வரமாட்டேன். இந்த விஷயம் முடியுற வரைக்கும் உங்க வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டேன்."

பேத்திக்கு அப்போது மூன்று மாதம்.

சம்பந்தி பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு, வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிற்காலத்தில் வாய்ச்சண்டை வராதபடி வாசகம் எழுதிக் கொடுப்பவர். இருவரும் கர்த்தருக்குப் பயந்தவர்கள்தான். இரண்டு வீட்டிலும் காலையில் வேதம் வாசித்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பார்கள். ஆனால் டைம்கீப்பர், தேவன் மனிதரை யுகத்துக்கு ஒரு விதமாக நடத்துகிறார் என்னும் யுகப் போதனைக்காரர், தன் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். பத்திரக்காரர், ஆதிமுதல் உடன்படிக்கை ஒன்றேதான் என்னும் உடன்படிக்கைப் போதனைக்காரர். நிச்சயதார்த்தத்தன்று இரு தகப்பன்மாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேஜையில் போதனை பேசுவதில்லை, பிள்ளைகள் எந்தச் சபைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு எப்போது ஞானஸ்நானம் என்பதை இருவருமே கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் ஷரத்து எழுதிக் கொடுக்கிறவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் அந்த ஒரு ஷரத்தை விட்டுவிட்டார்.

டைம்கீப்பருக்கு இது சாதாரண விஷயமல்ல. அவருடைய தகப்பனார் குழந்தை ஞானஸ்நானம் தவறு என்று சொல்லி, பிறந்து வளர்ந்த சபையை விட்டு, மனைவி மக்களோடு பகல் வெளிச்சத்தில் எழுந்து ஆலயத்தின் நடுவழியாக வெளியே போனவர். வாழ்ந்து முடியும்வரை அதற்காக உறவுக்காரர்கள் அவரைப் பந்தியில் தள்ளித்தான் உட்காரவைத்தார்கள். அந்தக் கிண்ணத்தை விட்டு வந்த குடும்பம் என்றுதான் அவர்கள் வீட்டுக்குப் பெயர். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று பேசாத குடும்பம் என்றும் பெயர். இரண்டு தலைமுறையாக நின்ற அந்தப் பெயர் தன் கையில் சரிவதை அவர் விரும்பவில்லை.

விஷயத்தைச் சொல்ல பத்திரக்காரர் நேரில் வந்தது மரியாதைதான். முன்னறையில் உட்கார்ந்தார். சுவரில் டைம்கீப்பர் தன் கையால் மூன்று நிற மையில் வரைந்த யுகப் படம் தொங்கியது. நீளமான அட்டையில் ஏழு வட்டங்கள். ஆறாவது வட்டத்தின் முடிவில் மேல்நோக்கிப் போகும் ஓர் அம்பு.

"எத்தனை தடவை பார்த்தாலும் இது எனக்கு உங்க டிப்போ சார்ட் மாதிரிதான் தெரியுது, சம்பந்தி," என்றார் பத்திரக்காரர். "ஏழு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்லயும் இறங்கி வேற வண்டி மாறணும்."

"மாறித்தான் ஆகணும். ஒவ்வொரு யுகத்துலயும் தேவன் மனுஷனுக்கு வேற வேற பொறுப்பைக் கொடுத்தார். ஒவ்வொண்ணுலயும் மனுஷன் தோத்தான். இஸ்ரவேலுக்குச் சொன்னது இஸ்ரவேலுக்கு, சபைக்குச் சொன்னது சபைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பினா ரெண்டும் கெட்டுப்போகும்."

"எங்களுக்கு ஒரே வண்டிதான். ஆதியில கிளம்பினது இன்னும் ஓடுது. அன்னிக்கு இஸ்ரவேல் ஏறினாங்க, இன்னிக்கு நாம ஏறியிருக்கோம். ஜனம் ஒண்ணு, உடன்படிக்கை ஒண்ணு. ஆபிரகாமுக்கு எழுதிக் கொடுத்தப்பவே பிள்ளைங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு. அதுக்கப்புறம் பிள்ளைங்க பேரை அடிச்சு வேற பத்திரம் எதுவும் வரல. அன்னிக்கு விருத்தசேதனம், இன்னிக்கு ஞானஸ்நானம். முத்திரை மாறியிருக்கு, பத்திரம் மாறல."

"விசுவாசிச்சவன்தான் தண்ணியில இறங்கணும். பால் குடிக்கிற பிள்ளை எதை விசுவாசிச்சுது?"

"மைனர் பேர்ல நாங்க சொத்து எழுதுறதில்லையா? கார்டியன் கையெழுத்துப் போடுவார்."

"பரலோகத்துல கார்டியன் கையெழுத்து செல்லாது, சம்பந்தி."

காப்பி கொண்டுவந்த டைம்கீப்பரின் மனைவி சிரித்துவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"சரி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் பத்திரக்காரர், அந்த அம்பைக் காட்டி. "எங்களுக்குக் கர்த்தர் திரும்ப வர்றது ஒரே தடவை. எல்லாக் கண்ணும் பார்க்கும். உங்களுக்கு மட்டும் எதுக்கு ரகசியமா ஒரு தடவை, பகிரங்கமா ஒரு தடவை?"

"முதல்ல சபையை எடுத்துக்க வர்றார். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள. அடுப்புல பால் இருக்கும், பக்கத்துல ஆள் இருக்காது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம். அப்புறம்தான் பகிரங்கமா வந்து ஆயிரம் வருஷம் ஆளுவார்."

"குழந்தைங்க?"

"நல்லது கெட்டது தெரியாத குழந்தை ஒண்ணுகூட இங்க மிச்சம் இருக்காது. எல்லாம் சபையோட மேல போயிரும்."

"நல்லது," என்று சொல்லிவிட்டு பத்திரக்காரர் காப்பியைக் குடித்தார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். வரும் மாதம் முதல் ஞாயிறு பேத்திக்கு ஞானஸ்நானம். அவர்கள் சபையில், குழந்தையை வாசலிலிருந்து ஞானஸ்நானக் கிண்ணம் வரைக்கும் தாயைப் பெற்ற தகப்பன்தான் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம்.

டைம்கீப்பர் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொன்னது அப்போதுதான். அந்த ஞாயிறு தன் சபையிலும் எல்லோர் முன்னும் அதையே சொன்னார்.

மறுநாள் மகள் ஃபோன் செய்தாள். தகப்பனின் பிடிவாதம் மகளுக்கும் குறையாமல் வந்திருந்தது.

"நீங்க தூக்கலைன்னா வேற யாரும் தூக்க வேணாம்னு சொல்லிட்டேன்பா. சித்தப்பாவைக் கேட்கலாம்னாங்க. வேணாம்னேன். நானே தூக்கிட்டு நடக்கிறேன். எங்க அப்பா இருந்தும் வரலைங்கிறதை எல்லாரும் பார்க்கட்டும்."

"என்னை மிரட்டுறியா?"

"இல்லப்பா. நடக்கப்போறதைச் சொல்றேன். நீங்கதானே எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க."

அதோடு சரி. தினமும் காலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்த ஃபோன் பன்னிரண்டு நாளாக வரவில்லை. டைம்கீப்பர் ஒவ்வொரு நாளும் ஏழரைக்குக் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு செய்தித்தாளைப் பார்ப்பார். மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போதுதான் கேட்டாள்.

"என்னங்க, இப்படியே இருந்தா புள்ளை நமக்கு இல்லாமப் போயிருவாளே."

"போனா போகட்டும்," என்றார் அவர்.

அந்த வார்த்தை அவருக்கே கசந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாததால், கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார்.

விழித்தபோது மூன்று நாற்பது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. மனைவி தூங்கும்போதுகூட ஏதாவது ஒரு பாத்திரம் நகரும் வீடு அது. எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து, மிச்சம் அடிப்பிடித்துக் கருகும் வாசனை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்தார். குழாயை மூடினார். மனைவியைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் வேதம் திறந்திருந்தது. அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வாசற்படி தெரியாது. வாசலில் அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. அவளுடைய எண்ணுக்கு ஃபோன் செய்தார். உள்ளறை அலமாரியில் மணி அடித்தது.

பக்கத்து வீட்டில் அவர்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா தனியாக இருந்தாள். டைம்கீப்பர் அங்கே போய்ப் பார்த்தார். அங்கேயும் கதவு திறந்திருந்தது. தையல் மிஷினில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த தலையணை உறை. ஆள் இல்லை.

தெருவுக்கு வந்தார். நடுத்தெருவில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் நின்றிருந்தது. ஓட்டியவனைக் காணோம். தெருமுனையில் இஸ்திரிக்கடைக்காரன் மட்டும் தன் மேஜையை விரித்துக்கொண்டிருந்தான். சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று தினமும் இவரிடம் வம்புக்கு நிற்பவன். அவன் மட்டும் அங்கே நிம்மதியாக நிற்பதைக் கண்டதும் டைம்கீப்பர் வேகமாக அவனிடம் போனார்.

"எல்லாரும் எங்கப்பா போனாங்க?"

"இப்பத்தான் சார் கடை திறக்கிறேன். எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு, ஒருத்தரையும் காணோம். திடீர்னு மாயமாப் போன மாதிரி இருக்கு."

டைம்கீப்பர் திரும்பி வீட்டுக்குள் வந்தார். சபையின் மூத்த மூப்பர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு ஃபோன் செய்தார். முழுமணியும் அடித்து ஓய்ந்தது. அந்த மனிதர் இரண்டாவது மணிக்குள் எடுக்காமல் இருந்ததே இல்லை. மகளுக்குச் செய்தார். அதுவும் அடித்து ஓய்ந்தது.

முன்னறையில் நின்று யுகப் படத்தைப் பார்த்தார். ஆறாவது வட்டத்துக்கு மேலே அந்த அம்பு. ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அவரே போட்ட கோடு.

அவர் அலறவில்லை. முப்பத்து நான்கு வருடம் டிப்போவில் இருந்தவருக்கு ஒன்று தெரியும்: வண்டி போய்விட்டால் போய்விட்டதுதான். கர்த்தர் தன்னை எதனால் விட்டுவிட்டார் என்று மட்டும் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. போனால் போகட்டும் என்று மகளைச் சொன்ன வாயோடு படுத்தவர் அவர்.

பிறகு அவருடைய வழக்கமான புத்தி வேலை செய்தது. ஒரு வண்டி கிளம்பியதா இல்லையா என்பதை வாய்ப்பேச்சை நம்பி எழுதக்கூடாது. போய்ப் பார்த்துத்தான் எழுதவேண்டும். மனைவி இல்லாததற்கு வேறு காரணம் இருக்கலாம். நர்ஸம்மா, மூப்பர், எல்லோருக்கும் வேறு காரணம் இருக்கலாம். தப்பாத அத்தாட்சி ஒன்றுதான். மூன்று மாதக் குழந்தை தொட்டிலில் இருக்கிறதா?

மகள் இருக்கும் சம்பந்தி வீடு நான்கு தெரு தள்ளி. பதினோரு நிமிட நடை. அவர் ஏழு நிமிடத்தில் போனார். வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னது வாசலை மிதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்தவர் பத்திரக்காரர். கையில் பேனா, காதில் இன்னொரு பேனா. இவரும் விடப்பட்டிருக்கிறார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அந்த நிலைமையிலும் டைம்கீப்பருக்குத் தோன்றியது.

"வாங்க சம்பந்தி," என்றார் பத்திரக்காரர்.

"குழந்தை எங்க?"

"உள்ள."

டைம்கீப்பர் அவரைத் தாண்டி உள்ளே போனார். ஜன்னலோரம் தொட்டில். வெள்ளைத் துணி. துணிக்குள் ஒன்றும் அசையவில்லை. பக்கத்தில் போய்த் துணியை விலக்கினார்.

பேத்தி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை காதருகே மூடியிருந்தது. அவர் விரலால் பாதத்தைத் தொட்டார். பாதம் சூடாக இருந்தது. தூக்கத்திலேயே அவரை உதைத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள்.

டைம்கீப்பர் தரையில் உட்கார்ந்தார்.

பத்திரக்காரர் வாசலில் நின்று பார்த்தார். சம்பந்தியின் சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. கல்யாணத்தன்று சட்டை மடிப்பு கலையாமல் ஆறு மணி நேரம் நின்ற மனிதர் அவர். பத்திரக்காரர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"வீட்ல யாரும் இல்ல."

"யாரும்னா?"

"யாருமே. அடுப்பு எரியுது. செருப்பு இருக்கு. கண்ணாடி இருக்கு. பக்கத்து வீட்லயும் இல்ல. மூப்பர் ஃபோனை எடுக்கல."

பத்திரக்காரர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. எதிரே அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அதான் இவளைப் பார்க்க வந்தீங்க."

டைம்கீப்பர் தண்ணீரைக் குடித்தார்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க. யாரு கர்த்தரோட ஆளுன்னு தெரிஞ்சுக்க, ஊர்ல இத்தனை பேர் இருக்க, ஞானஸ்நானம்கூட எடுக்காத இவளைத்தான் நம்பி வந்திருக்கீங்க. அவ பேர் உள்ள இருக்குன்னு உங்களுக்கே சந்தேகம் இல்ல. அந்தப் பேர்மேல கொஞ்சம் தண்ணி தெளிக்கிறோம்னுதானே நாங்க சொல்றோம்?"

"பேர் உள்ள இருக்கிறது கிருபையால. உங்க உடன்படிக்கையால இல்ல. இவ அப்பா அம்மா விசுவாசிங்கறதால இல்ல. எவன் பெத்த குழந்தையா இருந்தாலும் போயிருக்கும்." டைம்கீப்பருக்கு மூச்சு திரும்பியிருந்தது, கூடவே போதனையும் திரும்பியிருந்தது. "தானா விசுவாசிச்சு, தானா நடந்து தண்ணிக்குள்ள போறவரைக்கும் அவ காத்திருக்கணும். அதுல நான் ஒரு அங்குலம் நகரமாட்டேன்."

"நகர வேணாம்," என்றார் பத்திரக்காரர். "ஆனா ஓடி வந்துட்டீங்களே."

டைம்கீப்பர் எட்டித் தொட்டில் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

அப்போது பத்திரக்காரரின் ஃபோன் அடித்தது. கிளினிக்கிலிருந்து டைம்கீப்பரின் மனைவி, யாரோ ஒருவருடைய ஃபோனில். நர்ஸம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. சத்தம் கேட்டு இவள் போட்டது போட்டபடி வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். சைக்கிளில் போன ஒருவர் வண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து தூக்கியிருக்கிறார். தெருவில் இருந்த நாலு பேரும் சேர்ந்து வண்டியில் ஏற்றிக் கூடவே போய்விட்டார்கள். இவர் ஃபோன் எடுக்கவில்லையாம். அடுப்பை அணைக்கச் சொல்லவேண்டுமாம். டைம்கீப்பர் தன் சட்டைப் பையைத் தடவினார். ஃபோன் வீட்டு மேஜையிலேயே இருந்தது.

"அணைச்சாச்சுன்னு சொல்லுங்க," என்றார்.

குளியலறைக் கதவு திறந்தது. மகள் ஈரத்தலையில் துண்டோடு வெளியே வந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அப்பா?"

டைம்கீப்பர் வாயைத் திறப்பதற்குள் பத்திரக்காரர் முந்திக்கொண்டார்.

"தாத்தா பேத்தியைப் பார்க்க வந்திருக்கார்மா."

பொய் அல்ல. ஒரு எழுத்துகூடப் பொய் அல்ல. வாசகம் எழுதத் தெரிந்த மனிதர் எழுதிய வாசகம் அது. மகளின் முகம் மலர்ந்ததை டைம்கீப்பர் பார்த்தார். பன்னிரண்டு நாளாக அவர் ஏழரை மணிக்குக் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, மருமகனுடைய செருப்பைக் கேட்டு வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

மறுநாள் ஏழரைக்கு ஃபோன் வந்தது. மகள் சாதாரணமாகப் பேசினாள். குழந்தை தும்மியது, பால் கக்கியது என்று எல்லாம் சொன்னாள். டைம்கீப்பர் 'ம்' கொட்டினார். ஃபோனை வைத்தபோது, பிந்தி வந்த வண்டியைச் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதியவனுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, கண்ணாடிக்கடை மூப்பரும் வந்துவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். முன்னறையில் யுகப் படத்துக்கு நேரே உட்கார்ந்து, மகள் அங்கே இருப்பதையும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிரதர், நீங்க சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டு வந்ததாச் சொல்றாங்க. பார்த்தவங்க இருக்காங்க. போகமாட்டேன்னு சபையில எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதான், நாளைக்கு அந்தக் கிண்ணத்துக்கிட்ட நிக்கப்போறீங்களான்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

டைம்கீப்பரின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகள் குழந்தையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். அப்பா சமாதானமாகத்தான் வந்தார் என்று அவர் வாயால் கேட்கக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சொல். சம்பந்தி எழுதி வைத்துவிட்டுப் போன வாசகத்துக்கு அடியில் ஒரு கையெழுத்து.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சமாதானத்துக்குப் போகல," என்றார். மூப்பரைப் பார்த்து ஆரம்பித்தவர் மகளைப் பார்த்து முடித்தார். "வியாழக்கிழமை முழிச்சுப் பார்த்தேன். அம்மா இல்ல. அடுப்பு எரியுது. நர்ஸம்மா இல்ல. நீங்க ஃபோன் எடுக்கல. கர்த்தர் வந்துட்டார், என்னை விட்டுட்டார்னு நினைச்சேன். குழந்தை தொட்டில்ல இருந்தா வரலைன்னு அர்த்தம். அதைப் பார்க்கத்தான் ஓடினேன். சம்பந்திக்குத் தெரியும். அவர் என் மானத்தைக் காப்பாத்த ஒரு வார்த்தை சொன்னார். இன்னொருத்தர் வார்த்தையில நிக்கிற மானம் எனக்கு வேணாம்."

மடியில் குழந்தை ஒரு சத்தம் போட்டது.

"மிஷின்ல லென்ஸ் தேச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் மூப்பர் கடைசியில். "அதான் ஃபோன் சத்தம் கேக்கல." பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைக்க அதில் அழுக்கு இல்லை. "எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு. ஒரு தடவை ரயில்வே ஸ்டேஷன்ல. வீட்டு ஆளுங்க எல்லாரும் வேற பிளாட்பாரத்துல நின்னுருக்காங்க. நான் பெட்டி மேல உட்கார்ந்து அழுதேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் சம்சாரத்துக்கே தெரியாது."

டைம்கீப்பரின் மனைவி உள்ளே போய்விட்டாள். சிரிக்கத்தான் போனாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மகள் சிரிக்கவில்லை.

"உங்களை ஏன்பா விட்டுருப்பார்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

அதையும் அவர் மறைக்கவில்லை. "அன்னிக்கு மத்தியானம் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். போனா போகட்டும்னு."

மகள் கொஞ்ச நேரம் குழந்தையின் சட்டையை நேராக்கினாள். "அதைச் சொன்னதுக்காக விட்டுட்டார்னா, அது பெரிய குத்தம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"அப்ப நாளைக்கு?"

டைம்கீப்பர் தன் தகப்பனார் எழுந்து போன அந்த நடுவழியை நினைத்தார். அவர் எழுந்து போனது பொய்யாக உட்கார்ந்திருக்க முடியாமல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது பொய் ஆகுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். குழந்தை அவருடைய பேத்தி. அது உண்மை.

"தூக்கிட்டு நடப்பேன்," என்றார். "அந்தத் தண்ணியை ஞானஸ்நானம்னு நான் நினைக்கல. யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். கேக்காட்டி சும்மா நிப்பேன். ஆமென் மட்டும் சொல்லமாட்டேன். அதுக்கு உன் மாமனார் சம்மதிச்சாத்தான்."

"அவர் சம்மதிப்பார்பா. ஷரத்து போட்டு எழுதிக் குடுப்பார்."

மூப்பர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு எட்டரைக்கு நம்ம ஆராதனையில அப்பம் பிட்கிறோம், பிரதர். பத்துக்கு முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நீங்க எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறீங்கன்னு பார்க்கிற அளவுக்கு எனக்குக் கண் நல்லா இல்ல." கண்ணாடிக்கடை வைத்திருப்பவர் சொன்னார் அதை. "ஆனா சபையில சில பேருக்கு நல்லாத் தெரியும். அவங்க கேட்டா, எங்கிட்ட சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லிருங்க."

"சொல்றேன்," என்றார் டைம்கீப்பர்.

ஞாயிறு பத்து முப்பத்தைந்துக்கு அவர் சம்பந்தியின் சபை வாசலில் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பொத்தான்கள் சரியாக இருந்தன. மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். வாசலிலிருந்து கிண்ணம் வரை முப்பத்தோரு அடி வைத்தார். இருபுறமும் திரும்பிப் பார்த்த தலைகளை அவர் பார்க்கவில்லை.

"இந்தக் குழந்தையைக் கொண்டுவருகிறவர் யார்?" என்று போதகர் கேட்டார்.

"நான். இவள் தாயைப் பெற்றவன்," என்றார். அதில் ஒரு சொல்கூட அவரை உறுத்தவில்லை.

போதகர் குழந்தையின் நெற்றியில் மூன்று முறை தண்ணீர் வைத்தார். சபையார் ஆமென் என்றார்கள். டைம்கீப்பர் உதட்டை மூடிக்கொண்டு நேராக நின்றார். பக்கத்தில் நின்ற பத்திரக்காரர் எதிரே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஒரு ஆமென் குறையுது, சம்பந்தி."

"கணக்கு சரியாத்தான் இருக்கு."

குழந்தையின் நெற்றியிலிருந்து ஒரு துளி வழிந்து காதை நோக்கி ஓடியது. டைம்கீப்பரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்தது. முன்வரிசையிலிருந்த எல்லோருடைய கண்ணும் அந்தக் கைக்குட்டைமேல் வந்து நின்றது. மகளுடைய கண்ணும்தான்.

அவர் காதை மட்டும் துடைத்தார். நெற்றியை அப்படியே விட்டுவிட்டார்.